எண்ணூருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி

வெளிமாநிலத்தில், ஹடப்சரில் ஒரு கணினி அலுவலகம். மாலுமிகளுக்கான அரசு அறிவிப்புகளை, பொழுதுபோக்காகப் படகோட்டும் எங்களுக்கும் புரியும்படி வரைபடமாக்குகிறார்கள். அதைச் சோதித்துப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன்.

கோயம்புத்தூர்க்காரரான சுமதி புது அறிவிப்பைக் கணினியில் ஏற்றுகிறார். எண்களாய் நெருக்கியடித்த பக்கம் மறைந்து, எங்கள் கடலோரம் திரையில் விரிகிறது. எண்ணூர் அருகே ஒரு சிவப்புப் புள்ளி.

“விசைப்படகு ஒண்ணு மூழ்கிக் கெடக்குதுங்க.”

“ஐயோ, நாளைக்கு என் தம்பி பாய்மரப் படகுல அந்த வழியாத்தான் போறான்!”

“மொதல்ல கூப்பிடுங்க” என்று தொலைபேசியை நகர்த்துகிறார்.

தம்பி எடுக்கிறான். “அந்த அறிவிப்பைப் படிச்சேன்ணா, ஒண்ணும் புரியல. எந்த இடம்?”

திரையைப் பார்த்துச் சொல்கிறேன்.

“சரிண்ணா, விலகியே போறேன்.”

சுமதி துள்ளி எழுகிறார். தமிழே தெரியாத அந்த அலுவலகத்தைப் பார்த்துத் தமிழிலேயே கத்துகிறார்: “வேலை செய்யுதுங்க!”