பூனைக்கண் கல்

தைவானின் ஹுவாலியன் ஊரில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற குவோ, மனைவி யூ-லானின் மோதிரத்துக்காகப் பச்சைக்கல் ஒன்றைத் தேய்த்து, பாதி நெல்லிக்காய் போல் மழமழவென்று ஆக்கிவிட்டார். விளக்கில் காட்டினால், பூனையின் கண்மணி போல் குறுக்கே மின்ன வேண்டிய கோடு ஒன்றையும் காணோம். கல்லுக்குள் நார்போல் ஓடும் இழைகள் படுக்கையாக இருந்தால்தான் கோடு தெரியும். இவரோ அவை நெட்டுக்குத்தாக நிற்கும்படி கல்லை அறுத்துத் தொலைத்திருந்தார்.

"என்னங்க, பூனை குருடா?"

"சும்மா இருடி. தூங்குது."

"எழுப்புங்க. மோதிரம் இல்லாம தங்கச்சி மக கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்."

மறுபடி அறுத்தால் கல் உடைந்தாலும் உடையும். பல்லைக் கடித்துக்கொண்டு பக்கவாட்டில் திருப்பி அறுத்தார். பட்டாணி அளவுதான் மிஞ்சியது. அதையும் தேய்த்து விளக்கடியில் பிடித்தார். வெள்ளைக் கோடு ஒன்று குறுக்கே வழுக்கி ஓடியது.

"அட, முழிச்சிடுச்சு!"

"சின்னதாப் போச்சேடி."

"குட்டிப் பூனைன்னா என்ன, கண்ணு தெரியுதே" என்று யூ-லான் விரலை நீட்டினாள்.