காலடிப்பேட்டையில் ஒரு விமானம், டப்பாவில் ஐந்து துண்டு

போன வருடம் நான் போன விமானம் கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் திரும்பி வந்தது. உள்ளே ஏதோ கருகிய வாடை. வயர் கோளாறு என்றார்கள். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அதன் பிறகு இருக்கையில் உட்கார்ந்ததுமே மூக்கு தானாக வாடை தேட ஆரம்பித்துவிடும். இதைக் கேட்டுச் சிரித்த நண்பர் ஜெபராஜ், "எங்க ஷெட்டுக்கு ஒரு நாள் வந்து பாரும்வே" என்றார். தூத்துக்குடிக்காரர். திருவொற்றியூர்ப் பக்கம் விமான மின்பராமரிப்புப் பயிற்சிக்கூடம் நடத்துகிறார். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

சென்ட்ரலில் காலை 9.10க்கு மெட்ரோ. காலடிப்பேட்டை வரை முப்பது ரூபாய், இருபது நிமிடம். அங்கிருந்து ஆட்டோவில் இரண்டு கிலோமீட்டர், எழுபது ரூபாய். இடத்தின் பெயரைச் சொன்னால் தெரியாது. "ஏரோப்ளேன் ஷெட்" என்றதும் ஓட்டுநர், "அதுவா? அந்தாண்ட கீது சார். பறக்காத ப்ளேனு. அத்தப் போயி இன்னா பாக்கப் போற?" என்றார். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவர் வண்டியை நுழைத்த விதத்தில், இந்த ஊரில் பயப்பட வேண்டியது விமானத்துக்கு அல்ல என்று தோன்றியது.

ஷெட்டுக்குள் இறக்கை கழற்றிய பழைய சின்ன விமானம். சுற்றிலும் தரையில் மஞ்சள் கோடு. அன்று யமுனாவுக்குத் தேர்வு. வியாசர்பாடிக்காரர், முப்பது வயதிருக்கும். தண்டையார்பேட்டை பட்டறையில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறார். தேர்வில் தேறினால் விமானப் பராமரிப்பு வேலை காத்திருக்கிறது. தேறாவிட்டால் அது காத்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

10.30க்கு ஆரம்பம், இரண்டு மணி நேரம் கெடு. வேண்டுமென்றே வைத்த ஒரு கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். டார்ச்சும் சிறு கண்ணாடியுமாக யமுனா உள்ளே தலையை விட்டார். நாற்பது நிமிடத்தில் பிடித்துவிட்டார். கட்டுக்கட்டாகச் செல்லும் வயர்களில் ஒன்று தகட்டு விளிம்பில் உரசி உரசி மேலுறை தேய்ந்திருந்தது, தலைமுடி அகலம்தான். எனக்குக் காட்டியபோதும் தெரியவில்லை. அதைச் சரிசெய்து, இணைப்புகள் கழன்றுவிடாமல் மெல்லிய கம்பியால் முறுக்கிப் பூட்டினார். மிஞ்சிய நுனிகளை வெட்டி வெட்டி ஒரு டப்பாவில் போட்டார். இவ்வளவு அழகாக ஒருவர் வேலை செய்து நான் பார்த்து நாளாயிற்று. ஆர்வத்தில் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய்ப் படம் எடுத்தேன்.

12.10. தேர்வாளர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். யமுனா டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சார், இரு சார். ஆறு வெட்னேன். அஞ்சுதான் கீது."

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பேனா மூடப்பட்டது. எல்லோரும் தேடினோம். அரை விரல் நீளத் துண்டுக்கா இந்தப் பாடு என்று நான் வாயை விட்டேன்.

"ப்ளேனு அதிரும் சார்," என்றார் யமுனா, குனிந்த தலையை நிமிர்த்தாமல். "அந்தத் துண்டு வயருக்குள்ள பூந்து மேல்தோல அறுத்துச்சுனு வை, நெருப்புதான். மேல போயி வண்டிய ஓரங்கட்ட முடியுமா?"

12.45க்குக் கிடைத்தது. என் வலது ஷூவின் அடியில், ரப்பருக்குள் குத்திக்கொண்டு.

தப்பு என்னுடையது, இவரை ஏன் தண்டிக்கிறீர்கள் என்று தேர்வாளரிடம் கெஞ்சினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "கெடு தாண்டிடுச்சு. வண்டிகிட்ட யாரை விடறோம்கறதும் அவங்க பொறுப்புதான்."

"கரெக்ட்டு சார்," என்றார் யமுனா. "இவரு கோட்டத் தாண்டி வந்தத நான் பாத்தேன். விருந்தாளியாச்சேனு சும்மா இருந்துட்டேன்." பிறகு அந்தத் துண்டைப் பிடுங்கி டப்பாவில் போட்டு, ஒருமுறை எண்ணி, மூடினார். அடுத்த தேர்வு ஒரு மாதம் கழித்து. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், மனுஷி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் மதுரை விமானம் 'தொழில்நுட்பக் காரணத்தால்' ஐம்பது நிமிடம் தாமதம். பக்கத்தில் இருந்தவர் கடுகடுத்துக்கொண்டே இருந்தார். எங்கோ ஒருவர் டப்பாவில் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்று என் மூக்கு வாடை தேடவில்லை.

இதுபோன்ற இடங்களுக்குப் போகிறவர்களுக்கு: முன் அனுமதி வாங்குங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் லாரி நெரிசல் தாங்காது. தண்ணீர் கொண்டுபோங்கள். மஞ்சள் கோட்டுக்கு வெளியே நில்லுங்கள். வெளியே வரும்போது ஷூவைத் திருப்பிப் பாருங்கள்.

இதை எழுதி வைத்துவிட்டு, வெளியிட மனம் வராமல் ஒரு மாதம் கிடப்பில் போட்டிருந்தேன். இன்று மதியம் யமுனாவிடமிருந்து செய்தி வந்தது: "பாஸ் சார். அந்த வேலையும் இன்னும் கீதாம். இன்னிக்கு வெட்னது ஏழு. ஏழும் கீது."