நண்டு ஹீரோ ஓடினாரா?

1. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜப்பானிய சூப்பர் ஹீரோ படம் ஒன்று திருப்பூரில் ஒரே ஒரு தியேட்டரில், நாளுக்கு ஒரே ஒரு காட்சியாக ரிலீஸ் ஆனது. ஹீரோ பெல்ட்டைத் தட்டினால் உடம்பு முழுக்க நண்டு ஓடு முளைக்கும்.

2. என் பெரியப்பா மகன் கோகுல், ஷிப்மென்ட் நெருக்கடியில் பிரிண்டிங் மெஷினை நிறுத்திவிட்டு, முதல் நாளே அதைப் பார்க்கப் போனான்.

3. பெரியப்பா கண்டுபிடித்தார்.

4. இருவரும் பந்தயம் கட்டினார்கள்.

5. நடுவர் நான். என்னை யாரும் கேட்கவில்லை.

திருப்பூர் நல்லூரில் பெரியப்பாவுக்கு பனியன் கம்பெனி. நான் அங்கே குவாலிட்டி பார்க்கிறேன். படித்தது டெக்ஸ்டைல் டெக்னாலஜி. "நீ கணக்கு, கரெக்டு எல்லாம் பாக்கற புள்ள, நீயே சொல்லிரு சாமி" என்று பெரியப்பா பொறுப்பை ஒப்படைத்துவிட்டார்.

பந்தயம் இதுதான். ஜப்பான் ஹீரோ படங்கள் பார்க்கும் கூட்டம் இங்கேயும் வளர்ந்துவிட்டது, அந்தக் கூட்டத்துக்காக சொந்த டிசைனில், சொந்த பிராண்டில் டி-ஷர்ட் போடலாம் என்று கோகுல் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். படம் ஓடினால் பிராண்ட் அவன் கையில். ஓடாவிட்டால்? பிரிண்டிங் சாவியைக் கொடுத்துவிட்டு, கொமரலிங்கத்தில் இருக்கும் தென்னந்தோப்பைப் பார்க்கப் போக வேண்டும். மூடிக் கிடந்த அந்த பிரிண்டிங் செக்‌ஷனை எழுப்பி நிறுத்தியதே அவன்தான். தேங்காய்க்கும் அவனுக்கும் உள்ள உறவு சட்னியோடு சரி.

சரி... படம் ஓடியதா?

எளிய கேள்வி என்றுதான் நானும் நினைத்தேன். கோகுல் என்னை அவனுடைய ரசிகர் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டான். "டேட்டா எல்லாம் அங்க இருக்குதுங்க்கா." நிஜமாகவே இருந்தது. ஆனால் அங்கே டேட்டாவைப் படிக்க ஒரு தனிப் படிப்பு வேண்டும்.

முதல் நாள் கூட்டம் வந்தால், ஹீரோவின் பவர். வராவிட்டால், மெதுவாகப் பிக்கப் ஆகும் தரமான படம். இரண்டாம் வாரம் வசூல் சரிந்தால், பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் முதல் வாரமே பார்த்துவிட்டார்கள். ஜப்பானில் நன்றாகப் போனால், தாய்நாட்டின் தீர்ப்பு. அங்கே போகவில்லையா? ஜப்பான்காரர்களுக்கு ரசனை போய்விட்டது — நல்லூர்க்காரர்களுக்குத்தான் இருக்கிறது.

இதே குரூப்பில், ராட்சத ரோபோ ஹீரோவின் படம் வசூலை அள்ளியபோது என்ன சொன்னார்கள் என்று பழைய மெசேஜ்களைத் தேடிப் பார்த்தேன். 'லீவு சீசன், குழந்தைகள் கூட்டம், இதெல்லாம் கணக்கில் வராது.' நண்டுக்கு லீவு சீசன் இல்லாதது அநியாயம். ரோபோவுக்கு இருந்தது அதைவிட அநியாயம்!

பெரியப்பாவின் அளவுகோல் வேறு; எங்கள் ஊர் பனியன் சந்தையான காதர்பேட்டை. ஜப்பான் நிலவரத்தைச் சொன்னால் அவர் காதிலேயே வாங்குவதில்லை. "காதர்பேட்டையில வெளியூரு யாவாரி வந்து, நண்டு போட்ட பனியன் இருக்குதாண்ணு அவனா கேக்கோணும். கேட்டா ஓடுச்சு. கேக்கலீன்னா ஓடல." அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எந்தப் படமும் காதர்பேட்டையைத் தாண்டி ஓடியதில்லை.

நான் என் பங்குக்கு, முறைப்படி அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை தியேட்டருக்குப் போனேன். இந்த ஊரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ஒருநாள்தான் லீவு. அன்று எந்தப் படம் போட்டாலும் கூட்டம் வரும். ஆனால் அன்று பார்த்து ஹால் காலி. முன் வரிசையில் கோகுலின் குரூப். பின் வரிசையில், ஏசிக்காக வந்தது போலத் தூங்கிய ஒரு குடும்பம். நடுவே நான்.

மறுநாள் ஆபீஸ் ரூமில் அதை அப்படியே சொன்னேன். கோகுல் அசரவில்லை.

"நேத்து பாதி ஊரு ஓவர்டைம்ல இருந்துச்சுங்க்கா. ஆளு எப்படிங்க வரும்?"

உண்மைதான். அந்த வாரம் நிறைய கம்பெனிகளில் ஷிப்மென்ட். ஞாயிறும் மெஷின் ஓடியது — எங்கள் கம்பெனி உட்பட. நடுவர் என்பதால் எனக்கு விலக்கு.

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். "அப்ப படம் ஓடாததுக்கு நாந்தான் காரணமாடா?"

"நீங்க மட்டும் இல்லீங்ப்பா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, நாங்கள் செய்த தப்பு. எங்கள் தொழிலில் ஒரு பட்டனின் கலருக்குக்கூட, ஆர்டர் கொடுக்கும் பையரிடம் அப்ரூவல் வாங்காமல் கட்டிங் டேபிளில் துணியை விரிக்க மாட்டோம். 'நேவி ப்ளூ' என்று எழுதியிருந்தால் போதாது. எந்த நேவி, காட்டு என்போம். அதற்கென்று ஒரு சாம்பிள், அதில் ஒரு கையெழுத்து. ஆனால் ஒருவனுடைய வேலையையே பந்தயம் வைத்தபோது, 'ஓடுவது' என்றால் என்ன என்பதற்கு அப்பாவும் மகனும் சாம்பிள் பார்க்கவே இல்லை. குவாலிட்டி பார்க்கிற நானும் கேட்கவில்லை.

இப்போதாவது ஒரு அளவை முடிவு பண்ணலாம் என்றேன். இருவருமே வேண்டாம் என்றார்கள். அளவு வந்துவிட்டால் யாராவது ஒருவர் தோற்றாக வேண்டுமே!

அந்த நேரத்தில்தான் பையர் ஒருவரின் ஏஜென்ட் வந்தார். இந்த சீசன் கம்பெனிக்கு மொத்த ஆர்டரும் ஏன் இப்படி இறங்கிவிட்டது என்று பெரியப்பாவிடம் நாசூக்காக விசாரித்தார்.

பெரியப்பா டீ சொல்லிவிட்டு ஆரம்பித்தார். போன சீசனோடு ஒப்பிடக் கூடாதுங்க, அது வேற நேரம். நூல் விலை நம்ம கையில இல்லீங்க. வாங்கறவங்க நாட்டிலயே யாவாரம் டல்லுங்க. பக்கத்துக் கம்பெனிக்கு ஆர்டர் போனது ரேட்டுக்காகத்தானுங்க, அதெல்லாம் கணக்கே இல்லீங்க. தரம் தெரிஞ்சவங்க நம்மகிட்டத்தான் வருவாங்க, மெதுவா பிக்கப் ஆயிருமுங்க.

நான் கோகுலைப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு வாரமாக அவன் குரூப்பில் படித்துக்கொண்டிருந்ததை, நண்டை எடுத்துவிட்டு, அவனுடைய அப்பா வாசித்துக்கொண்டிருந்தார்.

ஏஜென்ட் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார். பிறகு கோகுல், ரொம்பப் பணிவாக, "ஏனுங்ப்பா... நம்ம கம்பெனி ஓடுதுங்களா, ஓடலீங்களா?" என்றான்.

பெரியப்பா ஜன்னல் வழியே தையல் ஹாலைப் பார்த்தார். ஞாயிறோடு ஷிப்மென்ட் முடிந்ததில், நான்கு லைனில் இரண்டுதான் ஓடிக்கொண்டிருந்தன.

"ஓடுதுடா. மெதுவா ஓடுது."

"படமும் அப்படித்தானுங்ப்பா."

பெரியப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மேஜை மேல் கிடந்த பேனாவை எடுத்து மூடி, திறந்து, மறுபடி மூடினார். பிறகு, பிரிண்டிங்கில் அந்த நீலக் கலர் பாதியில் நிற்கிறதே, போய் முடி என்றார்.

ரசிகர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். முகம் தெரியாத ஒரு கம்பெனிக்கு, தெரியாத ஒரு நாட்டில் லாபம் வந்ததா என்று சண்டை போடுகிறார்களே என்று. ஆனால் பிடித்த ஒன்று தோற்றுவிட்டது என்று சட்டென ஒப்புக்கொள்ள நம்மில் எத்தனை பேரால் முடியும்? கம்பெனி வைத்திருப்பவர் சீசன் மேல் பழி போடுவார். பரீட்சை எழுதியவர் வினாத்தாள் மேல். என் சமையலை யாரும் சாப்பிடாத நாளில் நானும் சொல்லியிருக்கிறேன் — அவர்கள் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டு வந்தார்கள் என்று.

இன்றைய நிலவரம்: தீர்ப்பு இன்னும் சொல்லப்படவில்லை. பிராண்டும் தொடங்கவில்லை. இரண்டாம் பாகம் எப்போது வருகிறது என்று பெரியப்பா நேற்று என்னிடம் தனியாகக் கேட்டார். படம் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. கோகுல் பிரிண்டிங்கை விட்டுப் போகவில்லை.