யோகமலர் அக்காவும் உருத்திரபுரத்து உப்பு மண்ணும்

துணுக்காயில் விவசாயிகள் கூட்டமொன்றில் பேசிக்கொண்டிருந்தபோது கைபேசி மூன்று தடவை அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தேன். யோகமலர் அக்காவின் கணவர். "தம்பி, அவா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார். டெங்குக் காய்ச்சல், ஐந்தாம் நாள். திரும்ப உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து பேசி முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவருடைய நற்குணங்களை நான் சொல்லத் தேவையில்லை. எனக்கும் அவருக்கும் இடையில் நடந்தவை உங்களுக்குத் தெரியாது. அவற்றை மறைத்து ஓர் அஞ்சலி எழுத எனக்கு மனமில்லை.

கிளிநொச்சியில் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் விரிவுரையாளர்களாக நாங்கள் ஒரே நாளில் தற்காலிக நியமனம் பெற்றோம். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்த அவருடைய பெற்றோர் உருத்திரபுரத்து வயல்களில் கூலிவேலை செய்தவர்கள். இடப்பெயர்வுகளில் பள்ளிக்கூடம் இடையிடையே மட்டும் நடந்ததால், மற்றவர்கள் பட்டம் பெறும் வயதில்தான் அவர் உயர்தரப் பரீட்சை எழுதினார். வாய்க்கால் கடைசியில் இருக்கும் வயல்களில் நெல் ஏன் மஞ்சளாகிக் கருகுகிறது என்பதுதான் அவருடைய ஆய்வு.

இளம் ஆய்வாளர்களுக்கான அரசாங்க நிதிக்கு இருவரும் விண்ணப்பித்தோம். என்னுடைய விண்ணப்பத்தைத் திருத்த மூன்று மத்தியானம் என்னோடு இருந்தார். "என்ன செய்யப்போறீங்கள் எண்டு வடிவா எழுதியிருக்கிறீங்கள். ஆருக்காக எண்டு ஒரு வரியும் இல்லை" என்றார். அந்த ஒரு வரியைச் சேர்த்தேன்.

நேர்முகத்துக்குக் கொழும்புக்கு ஒரே பஸ்ஸில் போனோம். திரும்பி வரும்போது, வவுனியா தாண்டியதும் நேர்முகத்தில் நடந்ததைச் சொன்னார். வயதெல்லையை ஏழு மாதம் தாண்டியிருக்கிறீர்கள், ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டிருக்கிறார்கள். "நான் பிந்தேல்லை, பள்ளிக்கூடம்தான் பூட்டிக் கிடந்தது எண்டு சொன்னனான். தலையாட்டிச்சினம். ஒருத்தரும் அதை எழுதேல்லை." பிறகு யன்னலோரம் சாய்ந்து நித்திரையாகிவிட்டார்.

நிதி எனக்குக் கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை.

மண்ணிலுள்ள உப்புகளைப் பிரித்து அளக்கும் கருவியொன்றை அந்த நிதியில் வாங்கினேன். அக்கா தன் மண் மாதிரிகளைப் பைகளில் கட்டிக் கொண்டுவந்தார். நிதி பெற்ற என் திட்டத்துக்கு மட்டுமே கருவியைப் பாவிக்க வேண்டும் என்று நிபந்தனையில் இருந்தது. "கணக்காய்வுக்கு வருவினம் அக்கா. இந்த வருசம் முடியட்டும்" என்றேன். "ஓம், மண் எங்கயும் ஓடாது" என்று பைகளை என் அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டுப் போனார். வருடம் முடிந்தது. கருவிக்கு ஓர் உதிரிப்பாகம் தேவைப்பட்டது, அதற்கு அனுமதி வரவேண்டியிருந்தது. வந்த பிறகும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றேன். அவர் இரண்டாம் முறை கேட்கவேயில்லை.

பள்ளிக்கூடங்கள் மூடியிருந்த ஆண்டுகளை வயதிலிருந்து கழிக்க வேண்டுமென்று அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதி, எங்களிடம் கையெழுத்துக் கேட்டார். எனக்கு இரண்டாம் ஆண்டு நிதி இன்னும் வரவில்லை. கடிதத்தை மேசை லாச்சியில் இரண்டு நாள் வைத்திருந்தேன். அவரே வந்தார்.

"பயமெண்டால் விடுங்கோ. உங்கட காசையும் நிப்பாட்டினால் எங்கள் ரெண்டு பேருக்கும் ஒண்டும் இல்லாமல் போயிடும்."

கோபமே இல்லாமல் சொன்னார். அந்த வெட்கத்தில்தான் கையெழுத்திட்டேன்.

"பரிசீலனையில் உள்ளது" என்று இரண்டு தடவை பதில் வந்தது. கடைசியில் வயதெல்லையைச் சிறிது தளர்த்தினார்கள். அந்தக் கடிதம்தான் காரணமா என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் அக்கா புதிய எல்லையையும் கடந்திருந்தார். முல்லைத்தீவைச் சேர்ந்த, இரண்டு பிள்ளைகளின் தாயான ஒருவருக்கு அந்தத் தளர்வால் நிதி கிடைத்தது. அவருடைய விண்ணப்பத்தையும் அக்காதான் திருத்தினார். "வன்னிக்கு வந்திட்டுது, அது காணும்" என்றார். களைத்த குரலில்தான் சொன்னார்.

அக்காவின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள், என் அலுமாரியிலிருந்த அந்தப் பைகளை எடுத்தேன். எல்லா மாதிரிகளையும் அளந்து முடிக்க நான்கு நாட்கள் போதுமாக இருந்தன. நான்கு நாள் வேலைக்கு அவரை இரண்டு வருடங்களுக்கு மேல் காக்க வைத்திருக்கிறேன்.

பைகளில் வயற்காரரின் பெயர்கள் எழுதியிருந்தன. முடிவுகளோடு உருத்திரபுரத்துக்குப் போனேன். முதலாவது பெயருக்குரிய முதியவர் கதிரை எடுத்துப் போட்டார். அவருடைய கீழ்வயலில் உப்பு ஏறியிருப்பதைச் சொன்னேன்.

"உப்பெண்டு எனக்குத் தெரியும் தம்பி. எவ்வளவு எண்டுதான் அந்தப் பிள்ளையைக் கேட்டனான். எந்த முடிவெண்டாலும் முதல் எங்களிட்டை வந்து சொல்லிப்போட்டுத்தான் மற்ற இடத்துக்கு எழுதுறது, அதுதான் அவாவின்ர பழக்கம்."

இத்தனை வருடம் பக்கத்து மேசையில் இருந்தும் எனக்கு இது தெரியாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தப் பழக்கத்தைத்தான். இந்த முடிவுகளை வைத்து எழுதும் ஆய்வுக் கட்டுரை அவர் பெயரில் வரும். ஆனால் அதற்கு முன் போய்ச் சொல்ல, பைகளில் இன்னும் எட்டுப் பெயர்கள் இருந்தன. இரண்டாவது பெயரைச் சொல்லி, வீடு எங்கே என்று கேட்டேன். முதியவர் வேலிப் படலைவரை வந்து கைகாட்டினார்.