பிரேம்சிங் ஓட்டை போட இடம் பார்க்கிறார்

சங்கரன்கோவிலில் வண்டிகளுக்கு மின்வேலை பார்க்கும் கடை வைத்திருக்கிறார் பிரேம்சிங். யாரும் சொல்லிக்கொடுத்த வேலை அல்ல. பழைய ஆரன்களைப் பிரித்துப் பிரித்துப் போட்டு அவராகக் கற்றுக்கொண்டது. இருபத்தாறு வருடத்தில் எந்த வண்டியின் டேஷ்போர்டிலும் தப்பான இடத்தில் ஓட்டை போட்டதில்லை என்பது அவர் பெருமை. அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை அவர் சொல்லமாட்டார். மனைவி எப்சிபா சொல்வாள். வீட்டில் காலண்டருக்கு ஆணி அடிக்க அவர் இடம் பார்த்து முடிப்பதற்குள் பிப்ரவரி பிறந்துவிட்டதாம்.

அவரிடம் ஒரு வியாழக்கிழமை ஜீப்போடு வந்தார் உச்சிமாகாளி. இளையரசனேந்தல் பக்கம் நிலமும் ஆடும் உள்ளவர். மேடுபள்ளத்தில் ஜீப் ஓட்டும் பந்தயங்களில் பைத்தியம். போன பந்தயத்தில் வழி தப்பி, பனவடலிசத்திரத்தில் யாரோ வீட்டுச் சடங்குப் பந்தல் முன்னால் போய் நின்றார். வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப அவர்களுக்கு மனமில்லை. அவரும் மறுக்கவில்லை. பாயசம் வரைக்கும் இருந்தார். இந்த ஞாயிற்றுக்கிழமையும் வழி தப்பினால் ஊர் சிரிக்கும் என்று ஜிபிஎஸ் கருவி வாங்கியிருந்தார்.

"அண்ணாச்சி, நடுவுல ஒரு ஓட்டையப் போட்டு மாட்டிவிடுங்க."

"போட்டுட்டா திரும்ப அடைக்கவா முடியும்? பொறும் வே."

பிரேம்சிங் தன் பைக்கில் ஊருக்கு வெளியே தரிசுக்காட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, ஐந்து திருப்பம் உள்ள வழியைக் கருவியில் பதிந்துவந்தார். பழைய டியூபில் வெட்டிய பட்டையால் கருவியை டேஷ்போர்டின் நடுவில் கட்டினார். உச்சிமாகாளி அந்த வழியில் போய் வந்தார். இரண்டு திருப்பம் தப்பியிருந்தது. ஸ்டியரிங்குக்கு நேர் மேலே கட்டினார்கள், மூன்று தப்பியது. முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் தொங்கவிட்டார்கள். அதற்கும் மூன்று.

"பேசாம அவரு நெத்தியிலயே கட்டிவிடுங்க" என்றார் எதிர்த்த டீக்கடை இப்ராஹீம். பிரேம்சிங் சிரிக்கவில்லை. உச்சிமாகாளியின் நெற்றியை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை, நாலாவது தடவை அவரும் ஜீப்பில் ஏறினார். தார்ச்சாலை முடியும்வரை உச்சிமாகாளி கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். காட்டில் இறங்கியதும் தலையும் வலது தோளும் வண்டிக்கு வெளியே போய்விட்டன.

"எங்கன வே பாக்கீரு?"

"முன் டயர அண்ணாச்சி. டிராக்டர்ல பழகுன பழக்கம்லா."

"அப்ப ஜிபிஎஸ்ஸ?"

"அது உள்ளல்லா இருக்கு!"

பிரேம்சிங் வண்டியைத் திருப்பச் சொன்னார். மூன்று நாளாக ஒரு தலைக்கு இடம் பார்த்திருக்கிறார். அந்தத் தலையோ வண்டிக்குள்ளேயே இல்லை.

கடைக்கு வந்ததும் வலதுபக்கக் கண்ணாடியைத் தாங்கும் இரும்புக் கம்பியில் ஒரு கிளாம்பைப் பூட்டிக் கருவியை மாட்டினார். ஓட்டையே தேவைப்படவில்லை. மழை பெய்தால் என்ன செய்வது என்று இப்ராஹீம் கேட்டதற்கு, முதலில் பெய்யட்டும் என்றார். உச்சிமாகாளி போய் வந்து, வழி தெரிகிறது, டயர்தான் மறைகிறது என்றார். கருவி இரண்டு விரல் கீழே இறங்கியது. அடுத்த சுற்றில் ஐந்து திருப்பமும் சரி.

"ஓட்டை வேண்டாமா அண்ணாச்சி?"

"வேண்டாம்" என்றார் பிரேம்சிங். துளைபோடும் மெஷினைத் துடைத்து உள்ளே வைத்தபோது அவர் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

உச்சிமாகாளி ஜீப்பைக் கிளப்பிக் கடைத்தெருவில் திருப்பினார். தலை முழுக்க வெளியே இருந்தது. எதிரே வந்த பஸ் நின்று ஆரன் அடித்தது.

"வே, தலைய உள்ள இழும்!" என்று கத்தினார் பிரேம்சிங்.

"உள்ள இழுத்தா வழி தெரியலயே அண்ணாச்சி!"

"உம்ம வீட்டுக்குப் போக உமக்கு எதுக்கு வே வழி?"