பலாப்பழத்தோடு தூங்கிய வீடு: சாந்திபுரம் பக்கம் ஒரு கோடை

இந்தக் கோடை விடுமுறையை நாங்கள் எங்கள் நெசவூரான நகரியில் கழிக்கவில்லை. ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடிய மறுநாளே கிளம்பி, குப்பத்துக்கு முன்னால் இருக்கும் சாந்திபுரத்தின் அருகே, என் மாமாவின் ஒன்றேகால் ஏக்கர் நிலத்தில் வந்து தங்கினோம். சுற்றிப் பார்க்க வரவில்லை. நிலம் கொடுப்பதை மட்டும் சாப்பிட்டு ஒரு கோடையை ஓட்ட முடியுமா என்று பார்க்க வந்தோம்.

காரணம் என் நைனா, அதாவது அப்பா. இருபது வருடமாக விசைத்தறி ஓட்டுகிறார். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, போன வருடம் முழுக்க இருமல். காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுவார். "மருந்து நான் குடுக்கறேன். ஆனா தறிய விட்டாத்தான் அது வேலை செய்யும்" என்றார் சித்தூர் டாக்டர். தறியை விட்டால் சாப்பாட்டுக்கு என்ன வழி? பெங்களூரில் வேலை செய்யும் மாமா, "அங்க வீடு பூட்டித்தான் கெடக்குது, போய் இருந்து பாருங்க" என்றார். பள்ளி திறப்பதற்குள், நிலத்தை வைத்துப் பிழைக்கலாம் என்று தெரிந்துவிட்டால் நைனா தறிக்குத் திரும்ப வேண்டாம். முடியாவிட்டால் திரும்பியாக வேண்டும். இவ்வளவுதான் எங்கள் பயணத் திட்டம்.

வருவதற்கு முன் இதைப் பற்றித் தமிழில் நிறையத் தேடிப் படித்தேன். எல்லாவற்றிலும் தக்காளிப் படம், சிரித்த முகம். எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஒரு விஷயத்தை யாரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு அம்மாவின் போனை எடுத்துப் போர்வைக்குள் வைத்து எழுதுவதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே நடந்ததை நகரியில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். பெரியப்பாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே வண்டி எடுத்து வந்து நைனாவைக் கூட்டிப் போய்விடுவார். அதனால் எங்கள் பெயர்களை எழுதவில்லை.

இனி வழி. நகரியிலிருந்து சித்தூர் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். காலை ஐந்தரைக்கு ஏறினால் ஏழரைக்குள் போய்விடலாம். அங்கிருந்து பலமநேர், பிறகு வி.கோட்டா, பிறகு சாந்திபுரம். நேர் பேருந்துக்குக் காத்திருக்காதீர்கள், மாறி மாறிப் போவதே சீக்கிரம். ஆந்திர அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆதார் அட்டையைக் காட்டினால் போதும். எங்கள் நான்கு பேரில் நைனாவுக்கு மட்டும்தான் டிக்கெட். கண்டக்டர் அவரைப் பார்த்து, "மொத்தக் குடும்பத்துக்கும் நீ ஒருத்தன்தான் கட்டற, ஜன்னல் சீட்டுல ஒக்காரு நைனா" என்றார். சித்தூர் தாண்டி மலைப்பாதை ஏறியதும் காற்று மாறிவிடும். நகரி வெயிலில் பழகிய எங்களுக்கு அது பெரிய பரிசு. சாந்திபுரத்தில் இறங்கும்போது பன்னிரண்டு மணி. அங்கிருந்து ஆறு கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு முப்பது ரூபாய்.

மாமாவின் வீடு செங்கல் சுவரும் சிமெண்ட் ஷீட்டும் போட்ட ஒரே பெரிய அறை. பின்னால் சமையலுக்கு ஒரு சாய்ப்பு. போர்வெல் உண்டு. ஐந்து மாமரம், இரண்டு பலா. பக்கத்து நிலத்து ரத்தினம்மா அக்கா மாமாவின் நிலத்தையும், விளைச்சலில் பங்கு தருவதாக, வாரத்துக்குப் பயிர் வைத்திருந்ததால், எங்கள் பங்குக் கேழ்வரகு ஒரு தகர டிரம் நிறைய இருந்தது. அதுதான் எங்கள் மூலதனம்.

உப்பு, தீப்பெட்டி, நைனாவின் மருந்து. இந்த மூன்றைத் தவிர எதையும் கடையில் வாங்கக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம்.

"டீத்தூளு?" என்று நைனா மெதுவாகக் கேட்டார்.

"டீச்செடி நட்டுட்டுக் குடி" என்றார் அம்மா.

முதல் இரண்டு இரவும் யாருக்கும் தூக்கம் வரவில்லை. தறிச் சத்தம் இல்லாமல் நாங்கள் தூங்கியதே இல்லை. மூன்றாம் நாள் காலையில் ரத்தினம்மா அக்கா வேலி தாண்டி ஓடி வந்தார். "இன்னாம்மா சண்டை? யாரு யார அடிச்சது?" என்றார். நாங்கள் கத்தரிச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்று பேசிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். தறிக்கூடத்தில் வளர்ந்தவர்களுக்குக் குரல் அப்படித்தான். "நகரி ஆளுங்க பேசினா என் மாடு பால மேல இஸ்துக்குது" என்று அதன்பிறகு தினமும் கிண்டல் செய்வார். ஆனால் தினமும் ஒரு சொம்புப் பாலும் கொடுப்பார். பதிலுக்கு அம்மா அவருடைய கிழிந்த சாக்குகளையும் வலைகளையும் தைத்துக் கொடுத்தார்.

இங்கே வாழ்க்கை எப்படி என்று கேட்டால், கை ஓயாது. திருகையில் கேழ்வரகு அரைக்க எனக்கும் அம்மாவுக்கும் காலையில் ஒரு மணி நேரம். களி, கூழ், கீரை, கொள்ளு, மாங்காய். ஆறு வயதுத் தங்கச்சிக்குக் கோழி முட்டைகளைத் தேடிப் பிடிக்கும் பதவி. நைனா தறிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கழிவு நூலை முறுக்கி அவரைப் பந்தல் கட்டினார். அவ்வளவு நேரான பந்தலை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அக்காவோ, "இதுல பொடவ நெய்யப் போறியா, காய் பறிக்கப் போறியா?" என்றார். முதல் வாரம் ஒரு குடம் தூக்கினால் நின்று மூச்சு வாங்கிய நைனா, மே நடுவில் இரண்டு குடம் தூக்கினார். இருமல் காலையில் மட்டும் வந்தது. பிறகு காலையிலும் குறைந்தது. நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் திரும்பி வந்துவிடுமோ என்று இருந்தது.

இப்போது யாரும் எழுதாத விஷயத்துக்கு வருகிறேன்.

நெசவு வீட்டில் எது நெய்து முடித்தாலும் சாயங்காலம் உள்ளே கொண்டுவந்து அடுக்கிவிடுவோம். ஈரம் படக் கூடாது, எலி கடிக்கக் கூடாது. எங்கள் வீட்டில் துணிக்கட்டுகளுக்கு நடுவில்தான் படுப்போம். அதே பழக்கத்தில், மரத்திலிருந்து இறக்கிய ஒன்பது பலாவையும் மாம்பழக் கூடைகளையும் படுக்கிற அறைக்குள்ளேயே, ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்துப் பழுக்கவிட்டோம். அறை முழுக்க வாசனை. தங்கச்சி, "கனவுலகூட பழம் துன்றேன்" என்றாள். இது யானை நடமாடும் பக்கம் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். யானைத் தடம் பார்க்கும் காட்டிலாகா ட்ராக்கர் ஒருவர் வந்து, "ஏனுகு வந்தா சத்தம் போடாதீங்க, கல் எறியாதீங்க, காங்கிரீட் மாடிக்குப் போயிடுங்க" என்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்லிவிட்டும் போனார். வெளியில் நின்று பேசிவிட்டுப் போனவருக்கு உள்ளே பலா இருப்பது தெரியாது. யானை தோட்டத்துக்கு வரும் என்று நினைத்தோமே தவிர, எங்களிடமே வரும் என்று நினைக்கவில்லை.

ஒரு நாள் விடியற்காலை. அம்மா பின்னால் அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார். நான் கண் விழித்தபோது ஜன்னல் இருட்டாக இருந்தது. விடிந்த பிறகும் ஏன் இருட்டு என்று பார்த்தேன். கம்பி வளைந்தது. சாம்பல் நிறத்தில், ஈரமான மூக்கு ஒன்று உள்ளே வந்து ஒவ்வொரு பழமாகத் தொட்டுப் பார்த்தது.

நைனா ஏற்கெனவே எழுந்து சுவரோடு ஒட்டி நின்றிருந்தார், ஜன்னலைத் தாண்டி அறையின் அந்த மூலையில். உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டினார். தறிக்கூடத்தில் அதற்கு 'நிறுத்து' என்று பொருள். அங்கே பத்துத் தறி ஓடும்போது எவ்வளவு கத்தினாலும் கேட்காது. அதனால் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வோம். நடக்கக் கற்பதற்கு முன்பே எங்களுக்கு அது வந்துவிடும். ஊரையே எழுப்பும் குரல்காரியான தங்கச்சி எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள். நைனா உதட்டை மட்டும் அசைத்தார்: 'சத்தம் வேணாம்.'

அவளும் உதட்டாலேயே கேட்டாள்: 'யானையா?'

'ஆமா.'

'பெருசா?'

'அக்கா கூடப் போ.'

அவள் கையைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்தே பின்வாசலுக்கு வந்தேன். அம்மா பார்த்ததும் புரிந்துகொண்டு அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டார். நைனாவால் வர முடியவில்லை. தும்பிக்கை அவருக்கும் வாசலுக்கும் நடுவில் இருந்தது.

அது அவர் இருமும் நேரம். நகரியில் என்றால் அந்நேரத்துக்கு ஊருக்கே கேட்கும். வாசலில் நின்று நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். நைனா துண்டை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார். அவருடைய நெஞ்சு ஏறி இறங்கியது. ஒரு பழம் வெளியே போனது. தும்பிக்கை திரும்ப வந்தது. இன்னொன்று போனது. அம்மா என் தோளை இறுக்கிய இடம் மறுநாள் வரை வலித்தது. நைனா இருமவில்லை. மூன்றாவது பழம் வெளியே போன நொடியில் அவர் குனிந்து நடந்து எங்களிடம் வந்துவிட்டார். நாங்கள் ரத்தினம்மா அக்காவின் காங்கிரீட் வீட்டு மாடிப்படியில் ஏறும்போதுதான் பின்னால் சுவர் விழும் சத்தம் கேட்டது.

மாடியிலிருந்து பார்த்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பயம்தான், ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. ஒற்றை ஆண் யானை. அவசரமே இல்லை. பலாவை முன்காலால் மெல்ல அழுத்திப் பிளந்து, கொட்டையைக்கூட விடாமல் தின்றது. பிறகு கேழ்வரகு டிரம்மை வெளியே இழுத்துக் கவிழ்த்தது. நைனாவின் அவரைப் பந்தலைச் சுற்றிக்கொண்டு நடந்தது, ஒரு நூலைக்கூட அறுக்காமல். சூரியன் வந்ததும் காட்டுப் பக்கம் போய்விட்டது.

"பழத்த எங்க வெச்சிருந்தீங்க?" என்று அக்கா கேட்டார். அம்மா சொன்னார். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "படுக்கிற எடத்துலயா? ஐயோ சாமி! யானைக்கு சீர்வரிசை வெச்சிட்டுப் பக்கத்துலயே படுத்துக்கினு இருந்தீங்களா?"

"துணிய உள்ளதானக்கா வெப்போம்" என்றார் அம்மா, பாவமாக.

"துணிய யானை துன்னாது தாயி!"

அன்று மதியம் அம்மா மூட்டை கட்டுவார் என்று நினைத்தேன். ஒரு பக்கச் சுவர் இல்லை, சாப்பாட்டில் பாதி மண்ணில் கிடந்தது. அம்மா முறத்தை எடுத்து வந்து உட்கார்ந்து, மண்ணோடு கலந்த கேழ்வரகைப் புடைக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அக்காவும் தன் முறத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். இருட்டும் வரை புடைத்து, முக்கால் பங்குக்கு மேல் மீட்டுவிட்டார்கள். பள்ளி திறக்கும் வரை அதுவே போதுமானதாக இருந்தது. களியில் அவ்வப்போது மண் கடிபட்டது, அவ்வளவுதான். சுவரை நைனாவும் அக்கா வீட்டுக்காரரும் பழைய செங்கல்லை வைத்தே எழுப்பினார்கள். நைனா செங்கல் தூக்கியபோது நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நடுவில் ஒரு முறைகூட மூச்சு வாங்க உட்காரவில்லை.

இதுபோல வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பழுத்த பலா, மாம்பழம், வெல்லம் எதையும் படுக்கிற இடத்தில் வைக்காதீர்கள். வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள், இல்லையென்றால் பழுக்கும் முன்பே அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். பின்வாசல் இல்லாத வீட்டில் தங்காதீர்கள். யார் வீட்டுக்கு மாடி இருக்கிறது, அதன் படிக்கு எந்த வழி என்று முதல் நாளே நடந்து பாருங்கள். ட்ராக்கரை வெளியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பாமல் வீட்டுக்குள் கூட்டிவந்து காட்டுங்கள். போர்வெல்லுக்குக் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, இரண்டு டிரம் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். முதல் பத்து நாள் திருகை கையைப் பிய்க்கும், பிறகு பழகிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் இல்லாமல் இங்கே ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. சொந்தக் காலில் நிற்கிறோம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வது ரத்தினம்மா அக்கா காதில் விழுந்தால் சிரிப்பார்.

பள்ளி திறக்கிறது. எனக்கு இந்த வருடம் பத்தாம் வகுப்பு. நாளைக் காலை ஆறரைப் பேருந்தில் அம்மாவும் நானும் தங்கச்சியும் நகரிக்குப் போகிறோம். நைனா வரவில்லை. மழை விழுந்ததும் கேழ்வரகு விதைக்கப் போகிறார். தசரா விடுமுறைக்கு நாங்கள் வரவேண்டும் என்பது ஏற்பாடு. பெரியப்பா கேட்டால் நானே பேசிக்கொள்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டார்.

இன்று சாயங்காலம் நைனா களி கிண்டப் பழகினார். கட்டி கட்டியாக வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன்: "யானை திரும்பி வந்தா இன்னா பண்ணுவ நைனா? நீ தனியா இருப்பியே."

"வரும். அது வழி அது. மாடிக்குப் போய்க்குவேன்."

"எனக்குப் பயமா இருக்குது."

அவர் தன் களியில் இருந்த ஒரு கட்டியை விரலால் நசுக்கினார். "இருவது வருஷம் தறிகிட்ட நின்னேன்மா. அப்ப யாரும் எனக்காகப் பயப்படலியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு இன்னொரு உருண்டை களியை என் தட்டில் வைத்தார்.

பயம் போகவில்லை. எழுதினால் போகும் என்று பார்த்தேன். நாளைக்குப் பேருந்து வரும்போது, எங்களோடு வந்துவிடு நைனா என்று அவரிடம் அழுதுவிடக் கூடாது. நான் அழுதால் அவர் வந்துவிடுவார்.