தீக்குச்சிச் சுவர்

காதைத் தீக்குச்சியின் அருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, ராக்காயி ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். குச்சிக்கு இடப்புறம் ஒரு படச்சீட்டு, வலப்புறம் ஒன்று. எதிரே சம்மணமிட்டிருந்த சோலைமலை, இருமலை அடக்கியதில் கண் கலங்கிப்போயிருந்தார்.

"ஏதாச்சும் கேக்குதா?"

"செத்த சும்மா இருங்கண்ணே. நீங்க பேசினா அவுங்க பேசுறது கேக்க மாட்டேங்குது."

சோலைமலையின் மனைவி ஒன்பது நாளாக அவரோடு பேசவில்லை. இது தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயம் முழுவதற்கும் தெரியும். இடது சீட்டில் ஒருவன் ஒற்றைக் காலில் கட்டுண்டு தலைகீழாகத் தொங்கினான். வலது சீட்டில் சிங்கத்தின் வாயை ஒரு பெண் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு நின்றாள். ராக்காயி நிமிர்ந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாள். தொங்குகிறவர் அண்ணன்தான், சந்தேகமில்லை. வலது சீட்டு பக்கத்துக் காம்பரா, பக்கத்து அறை; அதில் இருப்பவளுக்கு அண்ணன்மேல் கோபமே இல்லை. வாயிலிருந்து கையை எடுத்தால் சிங்கம் கடித்துவிடும் என்றுதான் பேசாமல் இருக்கிறாள். ஆகவே அண்ணன் முதலில் காலை அவிழ்த்துக்கொண்டு இறங்கவேண்டும்; இறங்கியதும் நேரே தங்கை வீட்டுக்குப் போய், மனைவியைக் கேட்காமல் தூக்கிக் கொடுத்த சிவப்புச் சேலையைத் திருப்பி வாங்கிவரவேண்டும்.

"சேலை சங்கதியும் சீட்டுலயா இருக்கு?" என்றார் சோலைமலை.

"சீட்டுல சிங்கந்தான் இருக்கு. சேலை சங்கதிய உங்க பொஞ்சாதி பீலிக்கரையில தண்ணி பிடிக்கிறப்ப சொல்லிச்சு."

வாசலில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் தகரக்கூரை அதிர்ந்தது. சோலைமலையும் சிரித்துக்கொண்டே எழுந்துபோனார்.

கந்தப்பளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், மேற்கணக்குப் பிரிவின் ஏழாம் லயத்தில் நாலாவது காம்பரா ராக்காயியுடையது. வயது முப்பத்தைந்து இருக்கலாம். வாரத்தில் ஆறு நாள் கொழுந்து பறிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, மலையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைத் துவைத்துக் காயவைத்து அதையே தரையில் விரித்து, சீட்டு வைத்திருக்கும் பிஸ்கட் தகரத்தைத் திறக்கிறாள். பதினோரு மணிக்கெல்லாம் வாசலில் செருப்பும் குடையும் குவிந்துவிடுகின்றன. கட்டணம் ஒரு விறகுக் கட்டை. ஈரமாக இருந்தால் இரண்டு. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கிடையாது. ஒருவருக்கு ஊற்றினால் நாற்பது பேருக்கு ஊற்றவேண்டும் என்பது அவள் சொல்லும் காரணம். இதுவரை ஒரே ஒருவருக்குக்கூட அவள் ஊற்றியதில்லை.

சீட்டுக் கட்டு சீமையிலிருந்து வந்தது. முன்பு இருந்த வெள்ளைக்காரத் தொரையின் பங்களாவில் ராக்காயி மூன்று வருடம் ஆயாவாக இருந்தாள். மழை விடாத பிற்பகல்களில் தொரசாணி இந்தச் சீட்டுகளை மேசையில் பரப்பித் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பாள். ஐந்து வருடத்துக்கு முன் அவர்கள் கப்பலேறியபோது உடுப்புப் பெட்டி சமையற்காரருக்கும் சீட்டுக் கட்டு ஆயாவுக்கும் போயின. எழுபத்தெட்டுச் சீட்டில் இப்போது மிச்சம் எழுபத்தொன்று. சில மழையில் ஊறிப் போயின. சூரியன் படம் போட்ட சீட்டை ஆடு தின்றுவிட்டது.

"கந்தப்பளையில சூரியன் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்கிறாள் ராக்காயி.

சீட்டுகளின் அடியில் ஏதோ இங்கிலீசில் எழுதியிருக்கிறது. அதை அவள் பொருட்படுத்துவதில்லை. படத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அவளே பெயர் வைத்துவிட்டாள். சிம்மாசனத்தில் தாடியோடு இருப்பவர் பெரிய தொரை. லாந்தர் பிடித்த கிழவர் காவக்காரர். ஆளுக்கொரு கோப்பையை நீட்டிக்கொண்டு நிற்கும் ஆணும் பெண்ணும் தேத்தண்ணி ஜோடி. மின்னல் விழுந்து உச்சி பெயர்ந்து, உள்ளிருந்து இரண்டு பேர் தலைகுப்புற விழும் கோபுரம், இடி விழுந்த இஸ்டோரு. தேயிலைத் தொழிற்சாலையை இங்கே இஸ்டோரு என்றுதான் சொல்கிறார்கள். குச்சியில் மூட்டையை மாட்டித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளத்தின் விளிம்பில் நடப்பவன், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டுத் தோட்டத்தை விட்டுப் போகிறவன்.

ஒற்றைச் சீட்டை அவள் பார்ப்பதே இல்லை. இரண்டுதான், எப்போதும் இரண்டு. இடது சீட்டு, கேட்க வந்தவர் இருக்கும் காம்பரா. வலது சீட்டு பக்கத்துக் காம்பரா. நடுவில் தீக்குச்சி, அதுதான் சுவர். லயத்துச் சுவர் எவ்வளவு கனம் என்று அங்கே பிறந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கருவாட்டு வாசம் வரும், புகை வரும், பாட்டு வரும், சண்டை சொல் சொல்லாக வரும். அப்படித்தான் ஒரு சீட்டின் குணம் சுவர் தாண்டி மற்றதற்குள் போகிறது.

"தனியா ஒரு மனுசன எடுத்துப் பாத்தா நல்லவனா கெட்டவனான்னு சொல்ல ஏலுமா? பக்கத்துல யாரு குடியிருக்கான்னு பாக்கணும்" என்பது அவள் வாதம்.

இந்த வாதம் போன வருடம் புகழ்பெற்றது. வேலை போய்விடுமோ என்று பயந்து வந்த ஒருவருக்கு இடதில் மூட்டைக்காரனும் வலதில் பெரிய தொரையும் விழுந்தார்கள். அவர் அழ ஆரம்பித்துவிட்டார். ராக்காயி குச்சியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, மூட்டை கட்டும் சத்தம் தொரை காம்பராவிலிருந்துதான் வருகிறது என்றாள். அடுத்த மாதம் அப்போதிருந்த தொரைக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றம் வந்தது. அழுதவர் இன்னும் இங்கேதான் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறார். அதற்குப் பிறகு ஆபீசிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள், குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு.

அவளுடைய சட்டங்கள் இரண்டு. கேட்க வந்தவர் இடது சீட்டை மட்டும்தான் எடுக்கலாம். வலது சீட்டை, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் எடுக்கவேண்டும். பக்கத்துக் காம்பராக்காரனை நாமா தேர்ந்தெடுக்கிறோம் என்று கேட்கிறாள். இரண்டாவது சட்டம், ராக்காயி ஒருபோதும் சீட்டு எடுக்கமாட்டாள்.

இதற்குக் காரணத்தைச் சொன்னது அடுத்த காம்பரா ராசம்மா. ராக்காயி பங்களாவில் இருந்தபோது, ஒருநாள் தொரசாணி விளையாட்டாகச் சீட்டுக் கட்டை நீட்டி ஒரு சீட்டு எடுக்கச் சொன்னாள். வந்தது வெள்ளைக்குதிரைக்காரன்: கவசம் போட்ட எலும்புக்கூடு, கையில் கறுப்புக் கொடி. தொரசாணி அவசரமாகக் கட்டைக் கலைத்து மூடிவிட்டாள். நாலாம் நாள் ராக்காயியின் புருஷன் காய்ச்சலில் செத்துப்போனான். இது நடந்து ஆறு வருடமாகிறது.

"ஒண்ண எடுத்ததோட கலைச்சிருச்சே அந்தம்மா. ரெண்டாவது என்னான்னு பாத்திருக்கலாம்" என்று ராக்காயி அன்று முழுவதும் சொல்லிச் சொல்லி அழுதாளாம். பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை.

தீக்குச்சியும் பங்களாவிலிருந்து வந்ததுதான். ஐந்து வருடமாக ஒரே குச்சி. கந்தப்பளை ஈரத்தில் தீப்பெட்டி ஒரு வாரம் தாங்குவதே அதிசயம் என்பதால், சீட்டுத் தகரத்தில் போட்டு அடுப்பு மேட்டில் வைத்துக் காப்பாற்றுகிறாள்.

ஞாயிறு தவறாமல் வருகிறவர்களில் இரண்டு பேரைச் சொல்லவேண்டும். ஒருவர் கந்தப்பளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் ஹுசைன் நானா. துணி மூட்டையோடு லயம் லயமாக ஏறி வருவார். தமக்கு இதில் நம்பிக்கையில்லை, பார்ப்பதும் மார்க்கத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு, நெருங்கி உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கிடைப்பதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போவார்.

மற்றவர் தோட்டத்து லொறி ஓட்டும் சிவசாமி. தேயிலைப் பெட்டிகளை நானுஓயா ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்குகிறவர். நாற்பது வயது, தனி ஆள், சங்கோசி. ஏழு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் நல்ல காய்ந்த சவுக்குக் கட்டையோடு வந்து ஏதாவது கேட்கிறார். ஒரு வாரம் லொறி டயர் தாங்குமா. ஒரு வாரம் காணாமல்போன சேவல். ஒரு வாரம் கடைவாய்ப் பல். அவர் கேட்க வந்தது எதுவென்று டயருக்கும் சேவலுக்கும்கூடத் தெரியும். ராக்காயிக்கும் தெரியும். வாசலுக்கு வருகிற எல்லோரையும் அவள் அண்ணே, மாமா, தம்பி என்று ஏதாவதொரு முறை வைத்து அழைக்கிறாள்; இவரை மட்டும் வெறும் டைவரு.

பேப்பருக்கு எழுதுவதற்காக நான் போயிருந்தது அவருக்குக் கடைசி ஞாயிறு. பூண்டுலோயாவில் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்திருந்தது, வியாழக்கிழமை போகிறார். அங்கே குடும்பத்துக்கென்று இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ் தருகிறார்களாம், தனி ஆளுக்கு லொறிக் கொட்டகையில் ஒரு மூலை. இதையும் லயம் ஒரு வாரமாக மென்றுகொண்டிருந்தது. அன்று அவர் ஒரு கட்டு விறகையே தோளில் சுமந்துவந்து இறக்கினார்.

"பல்லு எப்பிடி இருக்கு டைவரு?" என்றாள் ராக்காயி.

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது என்றார் சிவசாமி. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி, லொறி ஸ்டார்ட் எடுப்பதுபோல் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"நான் ஒருத்தர கட்டிக்கலாம்னு இருக்கேன். அவுங்க சம்மதிப்பாங்களான்னு பாக்கணும்."

ராக்காயி சீட்டுக் கட்டைக் கலைத்தாள். வழக்கத்தைவிட நெடுநேரம் கலைத்தாள். சிவசாமி இடது கையால் ஒன்றை உருவிப் படங்கில் வைத்தார்.

வெள்ளைக்குதிரைக்காரன்.

ராக்காயி அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை கட்டை மூடப்போவதுபோல் நகர்ந்ததை நான் பார்த்தேன். ராசம்மாவும் பார்த்துவிட்டாள்.

"ரெண்டாவது சீட்டு எடுக்கல இன்னும்" என்றாள் ராசம்மா.

சட்டப்படி சிவசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எடுக்கவேண்டும். உட்கார்ந்திருந்தவர் ஹுசைன் நானா. அவர் கையிரண்டையும் தூக்கிக் காட்டிவிட்டு எழுந்தார்.

"எனக்குத்தான் ஆகாதே புள்ள. இவ்வளவு நாளா சொல்லிட்டுத்தானே இருக்கேன்" என்று மூட்டையோடு வெளியே போனார். அடுத்து நெருக்கத்தில் இருந்தது ராசம்மா. அவளுக்குத் திடீரென்று அடுப்பில் சோறு வைத்தது நினைவு வந்தது. சோலைமலை திரும்பி வந்திருந்தார், சிவப்புச் சேலை கக்கத்தில். அவர் நுழைந்த வேகத்திலேயே திரும்பினார். மிச்சம் இருந்தது நான்.

"பேப்பர்காரத் தம்பி, நீங்களுந்தான். வெளிய நல்ல வெளிச்சம்" என்றாள் ராசம்மா வாசலிலிருந்து. வெளியே பத்தடி தள்ளி எதுவும் தெரியாத மூடுபனி. நான் எழுந்து வாசலில் மற்றவர்களோடு நின்றேன். சோறு வைத்த ராசம்மாவும் அங்கேயேதான் நின்றாள்.

சிவசாமிக்குப் பக்கத்தில் இப்போது இருந்தது ராக்காயி ஒருத்திதான். ஒரு சட்டம் அவளை எடுக்கச் சொன்னது, மற்றது கூடாதென்றது. இரண்டும் அவள் போட்டவை.

"நா சீட்டு எடுக்கிறதில்ல டைவரு."

"தெரியும்."

"நா எடுத்தா நல்லா வராது."

சிவசாமி தன் சீட்டைக் காட்டினார்.

"எனக்கு வந்தது மட்டும் நல்லாவா இருக்கு?" என்றார்.

ராக்காயியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். கட்டை விசிறிபோல் விரித்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஒன்றை இழுத்து, குச்சிக்கு வலப்புறம் வைத்தாள்.

இடி விழுந்த இஸ்டோரு. உச்சி பெயர்ந்து, நெருப்புப் பறந்து, இரண்டு பேர் தலைகுப்புற.

ஹுசைன் நானா என் தோளுக்குப் பின்னால் நின்று, அவரையும் அறியாமல் அல்லாவைக் கூப்பிட்டார். எழுபத்தொரு சீட்டில் இதைவிட மோசமான ஜோடியை வேண்டுமென்று தேடினாலும் எடுக்கமுடியாது. சிவசாமி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுவதற்காக ஒரு முழங்காலை ஊன்றினார்.

"இருங்க" என்றாள் ராக்காயி. "இன்னும் கேக்கல."

குனிந்து குச்சியில் காதை வைத்தாள். கண்ணை மூடினாள். பீலியில் தண்ணீர் விழுவது எனக்குக் கேட்டது. கோழி ஒன்று கொக்கரித்தது. பிறகு, காதை எடுக்காமலே, ராக்காயியின் முதுகு குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்து ராசம்மா ஓரடி உள்ளே வைத்தாள். ராக்காயி நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கத்துக் காம்பராவப் பாத்தீங்களா? கூரை போச்சு, கதவு போச்சு. இடி எறங்கி ஆறு வருசமாச்சு. குருதையில வர்ற ஆளு வரட்டுமே, இங்க இனிமே எத எடுத்துக்கிட்டுப் போகப்போறாரு?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "வந்தா எறங்கி உக்காந்துட்டுத்தான் போகணும்."

சிவசாமிக்கு விளங்கவில்லை. முழங்காலை ஊன்றியபடியே, எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் இருந்தார்.

"இடிஞ்ச வீட்டுக்கு என்னாத்துக்கு சொவரு?" என்றாள் ராக்காயி.

இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்த தீக்குச்சியை எடுத்தாள். அடுப்பு மேட்டிலிருந்த தீப்பெட்டியில் உரசினாள். புகையவில்லை. மறுபடி உரசினாள், மருந்து கொஞ்சம் உதிர்ந்தது. மூன்றாவது உரசலில் பற்றியது. அதை உள்ளங்கையால் மறைத்துக் கொண்டுபோய் சிவசாமி இறக்கிய சவுக்கு விறகின் அடியில் வைத்து, ஊதி, தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்கி அடுப்பில் ஏற்றினாள்.